யூதா வீட்டுப் பிள்ளை

2001 மார்ச் மாதம், தவக்காலத்தின் இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை. தாத்தா இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் ஏறித்தான் நாங்கள் கோயிலுக்குப் போவோம். அன்றைக்கு அப்பா, பெரியப்பா, நான் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதல் வாசகம், யோசேப்பை அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற கதை. நற்செய்தி, திராட்சைத் தோட்டத்துக் குத்தகைக்காரர்கள் வாரிசைக் கொன்றுவிட்டால் சொத்து நமக்குத்தான் என்று பேசிக்கொண்ட கதை. கத்தோலிக்கத் திருப்பலியில் இந்த இரண்டையும் ஒவ்வொரு ஆண்டும் அதே வெள்ளிக்கிழமை சேர்த்தே வாசிப்பார்கள். யோசேப்பில் கிறிஸ்துவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நன்றாகவே பேசினார். விற்றவர்களுக்கே சோறு போட்டான் யோசேப்பு, நாமோ கூடப் பிறந்தவர்களோடு ஒரு வார்த்தைக்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கிறோம் என்றார். பெஞ்சில் இருந்த பாதிப் பேர் தலை குனிந்தார்கள். அப்பா குனியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பெரியப்பா சொன்னார்: "சாமியே சொல்லிட்டாரு பாத்தியா. அக்காகிட்ட இதையே சொல்லிப் பாப்போம்."

அக்கா என்றால் என் அத்தை. பெரியப்பாவுக்கு அடுத்தவர், அப்பாவுக்கு மூத்தவர். ஊரில் பேசும்போது பெரியப்பாவே தங்கச்சியை அக்கா என்றுதான் சொல்வார், எங்களைப் பார்த்துப் பழகிய பழக்கம். அத்தையைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா பூட்டுப் பட்டறையில் வேலை. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கிய பிறகு பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை இருந்தாலே அதிகம்.

தாத்தாவின் நிலம் நாலரை ஏக்கர். சொந்தமாகச் சம்பாதித்தது. கரும்பு போட்டு, எங்கள் கொட்டகையிலேயே ஆலை ஆட்டி, கொப்பரையில் பாகு காய்ச்சி, அச்சு வெல்லம் ஊற்றிப் பொங்கலுக்கு முன் லாரி ஏற்றி அனுப்பி, அப்படி ஒவ்வொரு துண்டாக வாங்கியது. உயில் எழுதவில்லை. அப்பத்தா முன்பே போய்விட்டார். சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அத்தை தன் பங்கைக் கேட்டார். "எனக்குக் குடுக்குறதக் குடுங்க, இவர வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார், முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகு. அந்த ஒரு தடவைக்கே வீடு இரண்டு பட்டது. பன்னிரண்டு பவுன் போட்டு அனுப்பிய பெண்ணுக்கு இன்னும் என்ன என்றார்கள்.

அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு அப்பாவும் பெரியப்பாவும் திண்டுக்கல் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்குப் பதினாலு வயது. கூட்டிப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. தாத்தாவின் கடைசி மாதங்களில் ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டவன் நான்தான்.

அத்தை வீட்டுத் திண்ணையில் பெரியப்பா சொன்னார்: "அப்பா போறதுக்கு முந்தி உன்னையத்தான் சொன்னாரு. தம்பிகளோட மல்லுக்கு நிக்க வேண்டாம், பொறுத்துப் போகச் சொல்லுன்னாரு." அத்தை நம்பாமல் பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, நீயும்தான கூட இருந்த?"

தாத்தாவுக்கு வாதம் வந்து வாய் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கட்டில் சட்டத்தை விரலால் தட்டுவார். நான் தலையாட்டினேன்.

ஏப்ரலில் அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மத்தியானம் பழனியில் ஒரு ஓட்டலில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம். அத்தையும் இருந்தார். இலையில் இருந்ததைத் தொடவில்லை. நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

*

தொடக்க நூலைக் கோயிலில் கேட்பதை விட்டுவிட்டு நானாக உட்கார்ந்து படித்தது கல்லூரிக்குப் போன பிறகு. 37ஆம் அதிகாரத்தில் தம்பியின் அங்கியை உரித்து, தண்ணீர் இல்லாத வெறுங்குழியில் தூக்கிப் போடுகிறார்கள். அடுத்த வரியிலேயே சாப்பிட உட்காருகிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். பழனி ஓட்டல் ஞாபகம் வந்தது.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். குழியில் கிடக்கும் யோசேப்பு அந்த அதிகாரத்தில் வாயே திறப்பதில்லை. அவன் கெஞ்சினான் என்பதே நமக்கு ஐந்து அதிகாரம் தள்ளித்தான் தெரியவருகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்ட அண்ணன்மார், அன்றைக்கு அவன் கெஞ்சியபோது நாம் கேட்கவில்லையே என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். பாதிக்கப்பட்டவனின் குரல் செய்தவர்களின் ஞாபகத்தில்தான் பத்திரமாக இருந்திருக்கிறது.

கடைசி அதிகாரம், ஐம்பதாவது, என்னைப் படுக்கவிடவில்லை. யாக்கோபு இறந்துவிடுகிறார். அண்ணன்மாருக்கு பயம். யோசேப்புக்கு ஆள் அனுப்பி, தம்பி எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா சாகும் முன் சொன்னார் என்கிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேதத்தில் எங்கேயும் இல்லை. சாகும்போது அவர் நீளமாகவே பேசுகிறார், எல்லா மகன்களுக்கும் தனித்தனியாக. இந்தச் செய்தி மட்டும் இல்லை. இல்லாத செய்தியைச் செத்தவர் வாயில் வைத்து அனுப்பும் வேலையைப் பெரியப்பா தானாகக் கண்டுபிடித்ததாக நான் நினைத்திருந்தேன். மூவாயிரம் வருஷப் பழக்கம் அது.

யோசேப்பு அந்தச் செய்தியைக் கேட்டு அழுகிறான். பதினேழு வயதில் விற்கப்பட்டவன் அவன். எகிப்துக்கு வந்த தகப்பன் அங்கே பதினேழு வருஷம் வாழ்ந்து சாகிறார். அத்தனை வருஷம் அவன் போட்ட சோற்றைத் தின்றும் அண்ணன்மாருக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் அவர்களைத் தேற்றுகிறான், பிள்ளைகுட்டிகளுக்கும் சோறு போடுவதாகச் சொல்கிறான். ஆனால் மன்னித்தேன் என்ற சொல்லை மட்டும் சொல்வதில்லை. நான் என்ன கடவுளா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறான். மன்னிப்பின் கதை என்று நாம் தலைப்பு வைத்த கதையில் மன்னிப்பவன் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

*

கிறிஸ்தவர்கள் இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்தே ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படித்திருக்கிறோம். நாலாம் நூற்றாண்டில் மிலானின் ஆயர் அம்புரோஸ் யோசேப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். தகப்பனின் செல்லப் பிள்ளை, சொந்தச் சகோதரரிடம் அனுப்பப்பட்டவன், காசுக்கு விற்கப்பட்டவன், கடைசியில் விற்றவர்களையே காப்பாற்றியவன். யோசேப்பு கிறிஸ்துவின் முன்னடையாளம். இருபது காசு முப்பதாகிறது. விற்கலாம் என்று யோசனை சொன்ன அண்ணன் பெயர் யூதா. கிரேக்கத்தில் அந்தப் பெயரும் யூதாஸின் பெயரும் ஒன்றுதான்.

பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் யோசேப்பு என்றால் அண்ணன்மார் யார்? யூதர்கள் என்றார்கள். அந்தப் பதில் ஐரோப்பாவில் எத்தனை நூற்றாண்டு யூதர்களின் உயிரை வாங்கியது என்பது தெரிந்த கதை. யூதர்கள் அனைவர் மீதும் இயேசுவின் சாவுக்குப் பழி போடக் கூடாது என்று திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதி வைத்தது 1965இல். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1960இல், தன்னைப் பார்க்க வந்த யூதக் குழுவைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் வரவேற்றபோது, நான்தான் உங்கள் சகோதரன் யோசேப்பு என்றார். அவருடைய ஞானஸ்நானப் பெயரில் ஜுசேப்பே, அதாவது யோசேப்பு, உண்டு. போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் இருந்தபோது யூத அகதிகளுக்கு உதவியவர். அந்தச் சொல்லில் இருந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் உறுத்துகிறது. குழியில் கிடந்து வந்தவர்கள் எதிரே நின்றார்கள். வரவேற்றவர் யோசேப்பு வசனத்தைத் தானே எடுத்துக்கொண்டார். அவ்வளவு நல்லவருக்கே அந்த நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்றால், எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவை என்ன சொல்ல? அவரும் அன்றைக்குத் தன்னை யோசேப்பு என்றுதான் நினைத்திருப்பார். சொத்து கேட்டு அவமானப்படுத்திய அக்காவைப் பொறுத்துக்கொண்டவர் அல்லவா.

*

அப்பா 2024 ஜூலையில் இறந்தார். அடுத்த ஜூலையில், ஒரு வியாழக்கிழமை, வருஷப் பூசை. முதல் வாசகத்தை நீயே வாசி என்றார்கள். வாசக நூலைத் திறந்தால் மறுபடியும் யோசேப்பு. எகிப்தில் யூதா முன்னே வந்து பேசும் இடம், தொடக்க நூல் 44. வாசித்துக்கொண்டே போனேன். யூதா தகப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்று, 45ஆம் அதிகாரத்துக்குத் தாவி, யோசேப்பு அழுது தன்னை வெளிப்படுத்திவிட்டான். ஏதோ குறைகிறது என்று வாசிக்கும்போதே தெரிந்தது. வீட்டுக்கு வந்து விவிலியத்தை எடுத்துப் பார்த்தேன். 29ஆம் வசனத்தோடு வெட்டியிருக்கிறார்கள். கடைசி ஐந்து வசனங்கள் இல்லை.

அந்த ஐந்தில்தான் எல்லாம் இருக்கிறது. பென்யமினின் சாக்கில் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்து வைத்து யோசேப்பு அவர்களைச் சோதிக்கிறான். பென்யமின் மட்டும் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்கிறான். பழைய கணக்கேதான். தகப்பனின் செல்லப் பிள்ளை ஒருவனை விட்டுவிட்டால் மிச்சம் எல்லோரும் தப்பலாம். இந்த முறை யூதா, அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன், பையனை அனுப்பிவிடுங்கள் என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் அடக்க முடியாமல் போகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், மனம் திரும்பியதற்கு அடையாளம் எது என்று சொல்கிறார். அதே சூழல், அதே வாய்ப்பு மறுபடி வந்து, செய்ய முடிந்தும் செய்யாமல் இருப்பது. யூதா அந்தச் சோதனையில் தேறியவன். யோசேப்பு முப்பது வயதில் பார்வோன் முன் நின்றான். அதன்பின் ஏழு வருஷ விளைச்சல், இரண்டு வருஷ பஞ்சம். விற்றதிலிருந்து கூட்டினால் இருபத்திரண்டு வருஷம்.

ஒரு வாரம் கழித்து சாமியாரிடம் கேட்டேன், ஏன் வெட்டியிருக்கிறார்கள் என்று. "நீளம் கருதித்தான்ப்பா இருக்கும். முழுசா வீட்ல படிக்கிறது நல்லதுதான்" என்றார். சதி ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நீளம் கருதி எதைக் குறைப்பது என்று வரும்போது, மன்னித்தவனின் கண்ணீர் மிஞ்சியது, செய்தவன் கொடுத்த விலை போய்விட்டது. எங்கள் குடும்பமும் அதே இடத்தில்தான் வெட்டியது.

முழுசாகப் படித்தபோது இன்னும் இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. யோசேப்பு விற்கப்பட்டதற்கும் எகிப்து வாழ்க்கைக்கும் நடுவில், 38ஆம் அதிகாரத்தில், கதை யூதாவின் வீட்டுக்குப் போகிறது. விதவையான மருமகள் தாமாருக்கு முறைப்படி சேர வேண்டியதைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறான் யூதா. அவளை எரிக்கச் சொல்லும்போது, அவனுடைய முத்திரையையும் கோலையும் அவள் எடுத்துக் காட்டுகிறாள். அவள் என்னைவிட நியாயமானவள் என்று ஊர் அறிய ஒத்துக்கொள்கிறான். பிரசங்கத்தில் யாரும் தொடாத அதிகாரம். ஆனால் எகிப்தில் பேசிய யூதா அங்கேதான் உருவானான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெண்ணின் உரிமையைத் தட்டிப் பறித்தேன் என்று சொல்லப் பழகிய வாய்தான் பிறகு தம்பிக்காகப் பேசுகிறது.

இன்னொன்று 31ஆம் அதிகாரம். ராகேலும் லேயாவும் கேட்கிறார்கள்: தகப்பன் வீட்டில் எங்களுக்குப் பங்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா, எங்களை விற்று அந்தப் பணத்தையும் தின்றுவிட்டாரே என்று. யோசேப்பைப் பெற்றவள் ராகேல். மகன் விற்கப்படுவதற்கு முன்பே தாய் விற்கப்பட்டிருக்கிறாள். வார நாள் வாசக வரிசை 28ஆம் அதிகாரத்திலிருந்து நேராக 32க்குத் தாவுகிறது. அக்காதங்கை இருவரின் இந்தக் கேள்வியை நான் ஒரு பூசையிலும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் அத்தையின் கேள்வி அது என்று யாருக்காவது தோன்றியிருக்கும். சட்டத்தில் அவர் பக்கம் குறை இல்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும். அதில் மகன் மகள் வித்தியாசம் கிடையாது. திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களுக்குத் தனிச் சட்டம் இருந்தது. அதன்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், எது குறைவோ அது. அருந்ததி ராயின் அம்மா மேரி ராய் கூடப் பிறந்தவனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை உடைத்தார். எங்கள் பக்கம் உடைக்க எதுவும் இல்லை. சட்டம் கொடுத்ததைத்தான் "பொறுத்துப் போ" என்ற இரண்டு வார்த்தையில் வாங்கிக்கொண்டோம்.

ஐம்பதாம் அதிகாரத்தில் அண்ணன்மார் கேட்கும் மன்னிப்புக்கு எபிரேயத்தில் வரும் வினைச்சொல் 'நாசா'. தூக்குவது, சுமப்பது என்பதுதான் அதன் முதல் பொருள். தமிழில் பொறு என்பதும் அதேதான். சுமப்பதும் பொறுப்பதுதான், மன்னிப்பதும் பொறுப்பதுதான். குறளில் பொறையுடைமை என்று தனி அதிகாரமே இருக்கிறது. மன்னிப்பு கேட்கிறவர் உண்மையில், என் சுமையை நீ தூக்கு என்கிறார். யோசேப்பால் தூக்க முடிந்தது, எகிப்தின் களஞ்சியச் சாவி அவன் கையில் இருந்தது. அத்தையிடம் இருந்தது வாடகை வீட்டுச் சாவி. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எங்கள் வீட்டில் பொறுத்தவர் ஒருவர், பூமி ஆண்டவர்கள் வேறு. அந்தப் பூமியில் விளைந்த கரும்பில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன்.

*

அப்பாவின் இரண்டேகால் ஏக்கர் இப்போது அம்மாவுக்கும் எனக்கும். அத்தைக்குச் சேர வேண்டிய ஒன்றரையில் பாதி, எழுபத்தைந்து சென்ட், எங்கள் பக்கம் இருக்கிறது. பெரியப்பா வீட்டில் பேசிப் பார்த்தேன். "செத்தவங்க பண்ணினத இப்ப எதுக்குத் தோண்டுற" என்றார்கள். அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உங்கப்பா பேரக் கெடுக்காத" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

பத்திர நகலை எடுத்துக்கொண்டு செப்டம்பரில் திண்டுக்கல் போனேன். மாமா இறந்து பல வருஷம் ஆகிறது. அத்தை மகளோடு இருக்கிறார். காப்பி கொடுத்தார். நான் பத்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை, அவரால் பேசவே முடியாது, நான் பொய்யாகத் தலையாட்டினேன் என்றேன்.

"தெரியும் கண்ணு" என்றார் அத்தை. "வாய் போன மனுசன் எப்பிடிச் சொல்லுவாரு? நானுந்தான மாசாமாசம் வந்து பாத்தேன்."

"அப்புறம் ஏன் அத்தை கையெழுத்துப் போட்டீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ தலையாட்டுன பாரு, அதான். சின்னப் பையனக் கொண்டுவந்து நிறுத்திப் பொய் சொல்ல வச்சிட்டானுகளேன்னு ஆயிருச்சு. இதுக்கு மேல நின்னா இன்னும் என்னென்ன சொல்ல வைப்பானுகளோ. விட்டுட்டேன்."

இருபத்து நாலு வருஷம். யூதாவைவிட எனக்கு இரண்டு வருஷம் கூட ஆகியிருக்கிறது. எங்களைப் பொறுத்துவிட்டீர்களா அத்தை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதைக் கேட்டால் மறுபடியும் அவரைத்தான் தூக்கச் சொல்வதாக ஆகும்.

அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பத்திர நகலைப் படித்தார். எழுத்துக்கூட்டி, முதல் பக்கத்திலிருந்து, ஒரு வரியும் விடாமல் படித்தார். நாலெல்லை விவரம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"கெணறு இதுல எந்தப் பக்கம் வருது?"

"பெரியப்பா பக்கம் அத்தை."

"அப்பத் தண்ணிக்கு? கெணத்துப் பாத்தியம் எழுதலியே. வண்டித் தடமும் காணோம். வெறும் மண்ண வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

உங்கப்பா பத்திரத்துல எங்க பங்குக்கும் தண்ணி முறை உண்டு, நாள் கணக்கு அம்மாகிட்ட இருக்கும், அதில் எனக்கு எத்தனை நாளென்று எழுதி வாங்கி வா என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நகலை மடித்து என்னிடமே கொடுத்தார்.

பழனி பஸ்ஸில் உட்கார்ந்து பத்திரம் எழுதுபவருக்கு போன் செய்தேன். இன்னும் ரெண்டு வரி சேர்க்கணும், புதுசாகவே எழுதிடுங்க என்றேன்.